வாசல் மரங்கள் வந்த வழி

கேள்வி: எங்கள் வாசல் காகிதப்பூக் கொடிக்கு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன், மாட்டெருவும் போடுகிறேன். இலைதான் தழைக்கிறது, பூவைக் காணோம். இது எந்த ஊர்ச் செடி? – வாசகி, மன்னார்குடி

பதில்: முதலில் குடத்தைக் கீழே வையுங்கள். இது தென் அமெரிக்காவில் பிறந்த கொடி. வறட்சியைத் தாங்கும், மண் கொஞ்சம் காய்ந்தால்தான் பூக்கவே நினைக்கும். தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் இலை விட்டுக்கொண்டே சுகமாக இருந்துவிடும்.

1766-ல் உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட பிரெஞ்சுப் பயணத்துக்குத் தலைவர் பூகன்வில். தாவரவியலாளராக உடன் போனவர் கொமர்சோன். 1767-ல் ரியோ டி ஜெனிரோவில் இந்தக் கொடி அவர்கள் கண்ணில் பட்டது. தலைவரின் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார்கள். ஆனால் அதைப் பறித்த கை யாருடையது என்பதில்தான் சுவாரசியம். கொமர்சோனுக்குக் காலில் புண், அதிகம் நடக்க முடியாது. அவருக்கு உதவியாளாக வந்த 'பையன்' உண்மையில் ஜான் பாரே என்ற பெண். பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண்கள் ஏறக்கூடாது என்பதால் ஆண்வேடம். மலையும் காடும் ஏறிச் செடி சேர்த்தவர் அவர்தான் என்பதால், இந்தக் கொடியையும் அவரே பறித்திருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. உலகைச் சுற்றிவந்த முதல் பெண்ணாக அறியப்படுபவரும் அவரே. 1785-ல் கடற்படை அமைச்சகம் அவருக்கு ஓய்வூதியம் அளித்தது. செடிக்கு அவர் பெயர் கிடைக்க 2012 ஆக வேண்டியிருந்தது. அதுவும் கத்தரிக்காயின் உறவுக்காரச் செடி ஒன்றுக்கு!

உங்கள் கொடிக்கு வருவோம். நாள் முழுக்க வெயில் படும் இடம் வேண்டும். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் நுனிகளை வெட்டிவிடுங்கள், புதுக்கிளையில்தான் பூக்கும். பளிச்சென்று தெரியும் அந்த நிறமெல்லாம் பூ அல்ல, நிறம் மாறிய இலைகள். நடுவே சின்னக் குழலாக நிற்கும் வெள்ளைதான் பூ. முள் உண்டு, பிள்ளைகள் ஓடிவரும் கேட்டோரம் வேண்டாம்.

கேள்வி: மனை 30-க்கு 40 அடி. வாசலில் மே ஃபிளவர் வைக்கலாமா? அது நம் நாட்டு மரம்தானே? – வாசகர், செங்கல்பட்டு

பதில்: இல்லை, மடகாஸ்கர் மரம். போயர் என்ற தாவரவியலாளர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கண்டு உலகுக்குச் சொன்னார். கோடையில் அது பூத்து நிற்கும் அழகுக்கு மயங்காதவர் இல்லை, நானும்தான். ஆனால் குடைபோல 30, 40 அடிக்கு விரியும். உங்கள் மனையின் அகலம் அதற்கே போய்விடும். வேர் ஆழம் போகாது, கிளை எளிதில் முறியும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் சாய்த்த மரங்களில் இதுவும் நிறைய. பள்ளி மைதானத்துக்கு விட்டுவிடுங்கள். உங்கள் இடத்துக்குப் பவழமல்லி போதும். சுவரிலிருந்து பத்தடி தள்ள முடியுமென்றால் சரக்கொன்றை வையுங்கள், சித்திரையில் மஞ்சளாய்த் தொங்கும்.

கேள்வி: இட்லிப்பூ எங்கிருந்து வந்தது? வேலி ஓரத்துச் செடியில் இலை ஏன் வெளுக்கிறது? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: எங்கிருந்தும் வரவில்லை. தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் தாய்மண். ஆநிரை கவரப் போன வீரர்கள் சூடிய வெட்சி இதுதான். தொல்காப்பியத்தில் அதன் பெயரில் ஒரு திணையே இருக்கிறது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் சுவரைச் சந்தேகியுங்கள். சிமெண்டுப் பூச்சிலிருந்து இறங்கும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாது. மக்கிய இலையுரம் நிறையப் போடுங்கள். அடுத்த செடியைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நடுங்கள்.