குருதியில் கரைந்த சுண்ணம்

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தை அடுத்த மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகளைப் ‘பார்’ என்பர். அங்கு முத்துக்குளித்தல் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. சிப்பி ஓடு கட்டும் வேலை மட்டும் நிற்கவில்லை. அதற்கு வேண்டிய கால்சியத்தைச் சிப்பி கடல்நீரிலிருந்தே பெறுகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் கால்சியம் உண்டு. கரையில் மேயும் எருமையின் குருதிநீரிலோ லிட்டருக்கு 100 மில்லிகிராம் அளவே உள்ளது. அவ்விலங்குக்கு எலும்பே களஞ்சியம். உடலிலுள்ள கால்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் அடங்கியிருக்கிறது.

கன்று, கிடேரி, சினை எருமை, கறவை எருமை என எப்பருவத்திலும் குருதியின் கால்சிய அளவு பெரிதும் மாறுவதில்லை. பாஸ்பரஸ் அப்படியன்று; எலும்பு வளரும் கன்றுப் பருவத்தில் மிகுந்திருந்து, வயது ஏற ஏறக் குறையும். கால்சியம் சற்றே தாழ்ந்தாலும், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து எடுத்து ஈடுசெய்துவிடும். ஈன்ற முதல் சில நாள்களில்தான் கணக்குப் பிசகுகிறது. எருமைப்பாலில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.8 கிராம் கால்சியம். சீம்பாலில் அதனினும் மிகுதி. எருமையின் குருதி முழுவதிலும் எந்நேரமும் இருப்பதோ சுமார் 2 முதல் 3 கிராமே. இரண்டு லிட்டர் பால் கறந்தாலே அத்தனையும் வெளியேறியதற்கு ஒப்பாகும். களஞ்சியம் திறக்கத் தாமதமானால் எருமை தள்ளாடிப் படுத்துவிடும், காது சில்லிடும், தலையை விலாப்பக்கம் மடித்துக்கொள்ளும். இதுவே பால்காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடல் வெப்பமோ தாழ்ந்திருக்கும். உடனே மருத்துவம் கிட்டாவிடில் எருமை இறந்துபோகலாம்; அதன் பாலை விற்றுப் பிழைக்கும் வீட்டின் அன்றாட வருவாயும் அத்துடன் போய்விடும்.

1897இல் டென்மார்க் நாட்டுக் கால்நடை மருத்துவர் ஷ்மிட் இந்நோயை மடியில் தோன்றும் நஞ்சின் விளைவென எண்ணி, மடிக்குள் பொட்டாசியம் அயோடைடு கரைசலைச் செலுத்தினார். வீழ்ந்த பசுக்கள் பல எழுந்து நின்றன! பின்னர் வெறுங்காற்றை ஏற்றியும் பயன் கண்டனர். மடி விம்மியதால் பால் சுரப்பது நின்று, கால்சியம் குருதியிலேயே தங்கியதுதான் உண்மைக் காரணம். பிழையான கருத்து நல்ல மருத்துவத்தைத் தந்தது விந்தையே. இன்று கால்சியம் போரோகுளுக்கோனேட் கரைசலைச் சிரை வழியே மெதுவாகச் செலுத்துகின்றனர். விரைந்து செலுத்தினால் இதயம் நின்றுவிடும்.

சினை முதிர்ந்த எருமைக்குக் கால்சியத்தை அன்போடு மிகுதியாக ஊட்டுவோர் உளர். அது தீங்காகவே முடியும். வேண்டிய அளவு தீவனத்திலேயே கிடைப்பதால் பாராதைராய்டு சுரப்பி வேலையின்றி இருந்துவிடும். ஈன்ற பின் அது முழுமையாகச் செயற்பட இரண்டு மூன்று நாள் பிடிக்கும். ஆதலால் ஈனுவதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் கால்சியத்தை மட்டுப்படுத்தி, ஈனும் வேளையில் மிகுத்துக் கொடுக்குமாறும், முதல் ஓரிரு நாள் மடியை முற்றக் கறவாது விடுமாறும் கால்நடை மருத்துவர்கள் கூறுவர்.