மூன்றாவது வரிசையில் ஓர் இடம்

வடமேற்கு லண்டனின் ஹெண்டன், கோல்டர்ஸ் கிரீன் பகுதிகளில் சனிக்கிழமை காலையில் யூதக் குடும்பங்கள் ஜெப ஆலயத்துக்கு நடந்தே போகும். ஷபாத் எனும் ஓய்வுநாளில் ஆசாரமானவர்கள் வண்டியில் ஏறுவதில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணுக்கு அந்த நடை சுலபம்; உள்ளே நுழைந்த பிறகுதான் தவிப்பு. அவர் வழிபாட்டுப் பழக்கமில்லாத யூத வீட்டில் வளர்ந்தவராக இருக்கலாம், முறைப்படி மதம் மாறியவராகவும் இருக்கலாம். சுற்றிலும் எல்லோரும் எழுகிறார்கள், அமர்கிறார்கள். இவர் கையில் எந்தப் பக்கம் என்றே தெரியாத புத்தகம்.

கணவரைக் கேட்கவும் வழியில்லை. ஆர்த்தடாக்ஸ் ஆலயத்தில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே அமர்வதால் அவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பார். எனவே முதல் நாளே பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் கூச்சப்படாமல் பக்க எண் கேட்க வேண்டும். ஹீப்ரூவும் ஆங்கிலமும் சேர்ந்த பிரார்த்தனைப் புத்தகத்தை வாங்கி வீட்டிலும் புரட்டலாம். இரண்டு மூன்று மணி நேர வழிபாட்டை முழுதாகப் பிடிக்க முயல வேண்டாம். 'ஷ்மா' எனும் விசுவாசப் பிரார்த்தனை, நின்றபடி முணுமுணுக்கும் 'அமிதா', வேதமான தோராவின் சுருளை வெளியே எடுக்கும் நேரம் ஆகிய மூன்றும் அடையாளம் தெரிந்தால் மற்றவை மெல்ல வரும்.

அடுத்தது இடம். தொழுவதற்கு நிலையான இடம் வைத்துக்கொள்வதை யூதச் சட்டநூலான தால்முத் மெச்சுகிறது. பல இருக்கைகளுக்குப் பல வருட உரிமைக்காரர்கள் உண்டு. கேட்டுவிட்டு உட்கார்வது நல்லது. மூன்றாவது வரிசை ஓரம் கிடைத்தால் வாராவாரம் அங்கேயே. ஒரு வாரம் வராவிட்டால் "எங்கே காணோம்?" என்று யாராவது தேடுவார்கள்.

கைக்குழந்தை இருந்தால் 'எருவ்' பற்றி விசாரிக்க வேண்டும். ஷபாத்தில் பொதுவெளியில் எதையும் சுமக்கவோ தள்ளவோ கூடாது. கம்பமும் கம்பியும் கொண்டு எல்லை வகுத்தால் அதற்குள் அனுமதி உண்டு. அந்த எல்லைதான் எருவ்; இங்கே அது 2003-இல் வந்தது. அதற்கு முன் எத்தனையோ இளம் தாய்மார்கள் தள்ளுவண்டியை எடுக்க முடியாமல் வீட்டிலேயே அடைந்து கிடந்தார்கள்.

வீட்டு வழக்கத்தை மாமியாரிடமே கேட்பது உத்தமம். புத்தகத்தில் தேடினால் குழப்பம்தான். இறைச்சி சாப்பிட்டபின் பால் தொட ஆறு மணி நேரம் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. ஜெர்மன் மரபினர் மூன்று, டச்சு மரபினர் ஒன்று என்பார்கள். பாஸ்கா பண்டிகை நாட்களில் அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபு) வீட்டில் அரிசி கூடாது, செபார்டி (ஸ்பானிய மரபு) வீடுகள் பலவற்றில் கூடும். "நம் வீட்டில் எப்படி?" என்று கேட்கும் மருமகளிடம் எந்த மாமியாரும் முகம் திருப்பமாட்டார். மதம் மாறி வந்தவரிடம் பழையதைச் சொல்லிக் காட்டுவதை யூதச் சட்டமே தடுக்கிறது என்பதையும் மருமகள் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

உண்மையான நெருக்கம் வழிபாடு முடிந்தபின் வரும் 'கிடுஷ்' நேரத்தில்தான் பிறக்கிறது. திராட்சைரசம், கேக், ஹெரிங் மீன், சில இடங்களில் இரவெல்லாம் வெந்த சோலன்ட் எனும் குழம்பு. அன்று எழுதக் கூடாது, கைபேசியும் தொடக் கூடாது. அதனால் பெயரை மனதில் பதித்து, ஞாயிறன்று அழைக்க வேண்டும். அதைவிட நல்லது, தட்டுகளை ஒதுக்கும் பெண்களோடு போய்க் கைகொடுப்பது.

துக்க வீட்டுக்கும் தயங்காமல் போகவேண்டும். 'ஷிவா' எனும் துக்க அனுஷ்டானம் ஏழு நாள். மணி அடிக்காமல் உள்ளே போய், தாழ்ந்த நாற்காலியில் இருப்பவர் பேசும்வரை காத்திருந்து, கிளம்பும்போது "நீண்ட ஆயுள்" என்று வாழ்த்துவது பிரிட்டிஷ் யூதர் வழக்கம். சமையல் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வரவேண்டும். கோஷர் எனும் யூத உணவு விதிப்படி என்ன கொண்டுவரலாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளலாம். ஏழாம் நாள் காலை துக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து தெருவைச் சுற்றிச் சிறிது தூரம் நடப்பார்கள். கூட நடக்க ஆள் வேண்டும்.