கூடம் கேட்கும் முன் சாவி யாரிடம் என்று முடிவு செய்யுங்கள்

கூலி வேலை செய்யும் குடும்பங்கள் வாழும் தெருவுக்கு ஒரு சமுதாயக்கூடம், ஓர் அங்கன்வாடி, பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஓர் இடம். இவற்றைக் கட்டித்தரத் தமிழ்நாட்டில் அரசுத் திட்டங்கள் பல இருக்கின்றன. ஆனால் ஊரில் யாராவது ஒருவர் மனு எழுதி, நிலத்தின் தாள்களைத் திரட்டி, பொறியாளரை அழைத்து வந்து அளக்கச் செய்தால்தான் அந்தப் பணம் ஊருக்கு வரும். அந்த ஒருவர் தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளராக இருக்கலாம். மகளிர் குழுக் கூட்டமைப்பின் பொறுப்பாளராகவோ, வார்டு உறுப்பினராகவோ, சமூகப்பணி படித்துவிட்டு முதல் வேலையில் சேர்ந்த இளைஞராகவோ இருக்கலாம். இந்தக் கட்டுரை அவருக்காக.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். திறப்பு விழா முடிந்த சில மாதங்களில் பூட்டிக் கிடக்கும் கூடங்களைப் பல ஊர்களில் பார்க்கலாம். பெரும்பாலும் அங்கே குறை கட்டுமானத்தில் இருக்காது. கட்டிய பின் யார் திறப்பது, யார் கூட்டுவது, கரண்ட் பில் யார் கட்டுவது என்று யாரும் முன்கூட்டிப் பேசியிருக்க மாட்டார்கள். இந்தக் கேள்விகளுக்கு மனு எழுதும் முன்பே பதில் வைத்திருப்பவரின் கோப்பு வலுவாக இருக்கும். அவர் ஊரில் கட்டடமும் உயிரோடு இருக்கும்.

1. ஒரு நாளின் பயன்பாட்டை எழுதுங்கள்

"எங்கள் ஊருக்குச் சமுதாயக்கூடம் வேண்டும்" என்று தொடங்காதீர்கள். வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். காலையில் வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை எங்கே விடுகிறார்கள்? பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரவில் எங்கே படிக்கிறார்கள்? மகளிர் குழு எந்தத் திண்ணையில் கூடுகிறது? காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் மண்டப வாடகை எவ்வளவு போகிறது? காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை யார், எதற்காக, எத்தனை பேர் அந்த இடத்துக்கு வருவார்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.

அந்தப் பக்கம் உங்கள் தேவையையே மாற்றிவிடக்கூடும். பெரிய கூடம் கேட்க நினைத்த ஊருக்கு உண்மையில் தேவை ஒரு படிப்பகமும் கழிப்பறையும் என்று தெரியவரலாம். சென்னை கொளத்தூரில் 2024-இல் திறக்கப்பட்ட 'முதல்வர் படைப்பகம்' இந்த வகைத் தேவையிலிருந்து வந்ததுதான். ஒற்றை அறை வீட்டில் போட்டித் தேர்வுக்குப் படிக்க முடியாத மாணவருக்கு அங்கே மேசை உண்டு. சொந்த அலுவலகம் வைக்க முடியாத இளம் தொழில்முனைவோருக்கும் இடம் உண்டு.

2. எந்தத் திட்டத்தில் கேட்பது?

பணம் வரும் வழிகள் பல. உங்கள் பணிக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை.

*நமக்கு நாமே திட்டம்.* 1997-98இல் தொடங்கி, 2011-க்குப் பின் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021-22இல் பழைய பெயரோடு மீண்டும் வந்தது. மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். அரசுப் பள்ளிக் கட்டடம், சத்துணவுக் கூடம், நூலகம், அங்கன்வாடி, பூங்கா, சமுதாயக்கூடம் போன்ற பொதுச் சொத்துகளுக்கு ஏற்றது. ஊரகத்துக்கும் நகரத்துக்கும் தனித்தனி ஒதுக்கீடு உண்டு.

*சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி.* தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். மக்கள் பங்கு தேவையில்லை. ஆனால் தொகுதி முழுவதும் இதே நிதிக்காகக் காத்திருக்கும்.

*நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி.* 1993 டிசம்பரில் தொடங்கியது. இப்போது உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். இதில் 15 விழுக்காடு பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 விழுக்காடு பழங்குடியினர் பகுதிகளுக்கும் பரிந்துரைக்கப்பட வேண்டும் என்பது விதி. உங்கள் குடியிருப்பு இந்த வகையில் வருமானால் மனுவின் முதல் பத்தியிலேயே அதைச் சொல்லுங்கள். உறுப்பினர் பரிந்துரைக்கத்தான் முடியும். ஒப்புதல் தருவது மாவட்ட நிர்வாகம். மாநிலங்களவை உறுப்பினர் மாநிலத்தின் எந்த ஊருக்கும் பரிந்துரைக்கலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவரிடமும் கேளுங்கள்.

*அயோத்திதாசப் பண்டிதர் குடியிருப்புகள் மேம்பாட்டுத் திட்டம்.* ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளின் அடிப்படை வசதிகளுக்காக 2023-24 முதல் ஐந்து ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. இந்தக் குடியிருப்புகளில் பணி செய்பவர் முதலில் விசாரிக்க வேண்டிய திட்டம் இது.

ஒரே பணிக்கு இரண்டு திட்டங்களில் ஒளித்து விண்ணப்பிக்காதீர்கள். மதிப்பீடு போடும் கட்டத்திலேயே அது வெளியே வரும். ஊரின் பெயரும் கெடும். இரண்டு நிதியைச் சேர்த்துச் செய்ய வேண்டுமானால் வெளிப்படையாகக் கேளுங்கள்.

3. பங்குத் தொகையை ஏழையின் தலையில் கட்டாதீர்கள்

நமக்கு நாமே திட்டத்தில் பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்களுடையது. ஊரகத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். 15 லட்ச ரூபாய் மதிப்பீடு என்று வைத்துக்கொள்வோம். முதல் கணக்கில் 5 லட்சம், இரண்டாவதில் 3 லட்சம். அந்த 3 லட்சத்தை நூறு வீடுகளுக்குச் சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு 3,000 ரூபாய். தினக்கூலியை நம்பி வாழும் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. வட்டிக்கு வாங்கிக் கொடுத்த பங்கில் எழும்பும் கூடம் அந்தக் குடும்பத்துக்கு நன்மை செய்யாது.

பங்கு தருபவர் பயனாளியாகவே இருக்க வேண்டியதில்லை. தனிநபர்கள், குழுக்கள், நிறுவனங்கள் யாரும் தரலாம். ஊரில் பிறந்து வெளியூரில் வேலை பார்ப்பவர்கள், பள்ளியின் முன்னாள் மாணவர்கள், பக்கத்தில் இருக்கும் ஆலை என்று பட்டியல் போடுங்கள். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிடச் சொல்கிறது. அந்த நிறுவனத்துக்கு, அரசு போடும் பங்கையும் சேர்த்துக் காட்டுங்கள். தான் போடும் ஒரு ரூபாய்க்கு ஊரில் மூன்று ரூபாய் வேலை நடக்கும் என்பது எந்த மேலாளருக்கும் புரியும் கணக்கு.

வசூலிக்கும் பணத்துக்கு முதல் நாளிலிருந்தே ரசீது கொடுங்கள். பெயர்ப் பட்டியலைப் பொது இடத்தில் ஒட்டுங்கள். பங்குத் தொகையை மாவட்ட நிர்வாகம் சொல்லும் முறையில் மட்டும் செலுத்துங்கள். யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். மக்கள் பங்கு 50 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால், பங்களித்தவர்களே பணியை எடுத்துச் செய்யவும் திட்டம் இடம் தருகிறது. அந்த வாய்ப்பு இருக்கிறதா என்று மனு கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

4. நிலம் சுத்தமாக இருக்கட்டும்

மனு நிற்கும் இடம் பெரும்பாலும் இதுதான். கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைச் சொல்லி, நிலத்தின் வகை என்ன என்று முதலில் பாருங்கள். ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கில் கட்டடம் கேட்காதீர்கள். ஊர்ப் பொதுநிலங்களைக் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கட்டினாலும் இடிக்க வேண்டி வரலாம். கோயில் நிலம், மேய்க்கால், தனியார் பட்டா ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிச் சிக்கல் உண்டு. நத்தம் புறம்போக்கோ ஊராட்சிக்குச் சொந்தமான மனையோ இருந்தால் வேலை சுலபம்.

பொருத்தமான பொது நிலம் இல்லையென்றால் தானம் கேட்கலாம். மதுரை கொடிக்குளத்தில் ஆயி பூரணம் அம்மாள், அரசுப் பள்ளியைத் தரம் உயர்த்துவதற்காக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தைக் கொடுத்தார். 2024 குடியரசு நாள் விழாவில் முதலமைச்சர் அவருக்குச் சிறப்பு விருது வழங்கினார். வங்கியில் எழுத்தராக வேலை பார்த்தவர் அவர். கொடுக்கும் மனம் இப்படி எங்கும் இருக்கிறது. போய்க் கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும். ஆனால் வாய்ச்சொல் போதாது. தானப் பத்திரம் ஊராட்சி அல்லது உரிய துறையின் பெயரில் பதிவாக வேண்டும். பட்டாவும் மாற வேண்டும். அதற்குப் பின்தான் அடுத்த படி.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த இடத்துக்கு எல்லாத் தெரு மக்களும் தயக்கமில்லாமல் நடந்து வருவார்களா? ஒரு சாதியின் தெருவுக்குள் கட்டிய கூடத்தில் மற்றவர் கால் வைக்க முடியாது என்றால் அதைப் பொதுக் கூடம் என்று சொல்ல முடியாது. இடம் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பேசத் துணியுங்கள்.

5. கிராம சபையில் பதிவு செய்யுங்கள்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. உங்கள் பணி அங்கே தீர்மானமாகட்டும். தீர்மானத்தில் பணியின் பெயர், சர்வே எண், பயன்பெறும் குடும்பங்களின் எண்ணிக்கை, பராமரிப்புப் பொறுப்பு நான்கும் இருக்கட்டும். நகரங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன. பெண்கள் கூட்டத்துக்கு வந்து பேசட்டும். நாளை அந்த இடத்தை அதிகம் பயன்படுத்தப்போவது அவர்கள்தான்.

6. மதிப்பீடு என்ற தாளை நீங்களும் படியுங்கள்

ஒன்றியப் பொறியாளர் போடும் மதிப்பீட்டைப் புரியாத கணக்கென்று ஒதுக்கிவிடாதீர்கள். ஐந்து கேள்விகள் போதும். நடப்பு ஆண்டின் விலை விகிதத்தில் போட்டதா? ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா? மின் இணைப்பும் தண்ணீர்க் குழாயும் உள்ளே வருகின்றனவா? பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா? சாய்தளம் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 துணை நிற்கிறது. சுவர் எழுந்த பின் கேட்டால் எதையும் சேர்ப்பது கடினம்.

7. கோப்பைப் பின்தொடருங்கள்

மனுவை ஆட்சியரிடம் கொடுக்கலாம். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் அதற்கு நல்ல வாய்ப்பு. மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பின் மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், டெண்டர், பணி ஆணை என்று கோப்பு நகரும். ஒவ்வொரு கட்டத்திலும் அது யார் மேசையில் இருக்கிறது என்று தெரிந்துவைத்திருங்கள். வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போகும்போது சண்டைக்குப் போகாதீர்கள்; விடுபட்ட தாளை எடுத்துக்கொண்டு போங்கள். பதிலே வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு இருக்கிறது. 30 நாளில் பதில் தர வேண்டும்.

தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டால் புதிய பணிகள் நின்றுவிடும். தேர்தல் ஆண்டு என்றால் சில மாதங்கள் முந்திக்கொள்ளுங்கள்.

வேலை தொடங்கிய பின் வாரம் ஒரு முறை படம் எடுங்கள். அஸ்திவார ஆழம், கம்பியின் அளவு, கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுவது ஆகிய மூன்றையும் ஊர்க் கொத்தனார் ஒருவரோடு போய்ப் பாருங்கள். குறை தெரிந்தால் ஒப்பந்தக்காரரிடம் வாதாட வேண்டாம். உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுங்கள்.

8. சாவியும் கரண்ட் பில்லும்

மனுவோடு ஒரு பராமரிப்புத் தாளை இணையுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் இணையுங்கள். அதில் இவை இருக்கட்டும்:

- சாவி இருவரிடம் இருக்கும். அவர்களில் ஒருவர் பெண்.
- மின் இணைப்பு யார் பெயரில். கட்டணம் எந்தக் கணக்கிலிருந்து.
- படிப்பகமாக இயங்கும் நேரத்துக்குக் கட்டணம் இல்லை.
- விழாக்களுக்குச் சிறு கட்டணம். தொகையை ஊராட்சித் தீர்மானம் முடிவு செய்யும். எல்லாச் சாதியினருக்கும் ஒரே தொகை.
- துப்புரவுக்குப் பொறுப்பு யார். அவருக்கு மாதம் எவ்வளவு.
- ஆண்டுக்கு ஒரு முறை வரவு செலவு கிராம சபையில் வாசிக்கப்படும்.

கோப்பைப் பார்க்கும் அலுவலருக்கு இந்தத் தாள் ஒரு நம்பிக்கை தரும்: இந்த ஊர் கட்டடத்தை வாங்கிப் பூட்டிவைக்காது.

அடுத்த 30 நாள்

முதல் வாரம் வீடு வீடாகக் கேட்டுப் பயன்பாட்டுப் பக்கத்தை எழுதுங்கள். இரண்டாம் வாரம் சர்வே எண்ணும் நில வகையும். மூன்றாம் வாரம் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, பங்கு தரக்கூடியவர்களின் பட்டியலைப் போடுங்கள். நான்காம் வாரம் பராமரிப்புத் தாளை எழுதி, வரும் கிராம சபையின் பொருள் நிரலில் பணியைச் சேர்க்கச் சொல்லிக் கடிதம் கொடுங்கள்.

இந்த வேலையை ஒரு முறை முழுதாகச் செய்தவருக்கு நிலப்பதிவேடு படிக்கத் தெரியும், மதிப்பீடு புரியும், அலுவலகத்தில் பேசத் தெரியும், ஊரைக் கூட்டத் தெரியும். சமூகப்பணித் துறையில் இந்த நான்கும் சேர்ந்த ஆள் அரிது. எந்த நிறுவனமும் அவரை விடாது. அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. பணம் உள்ளவர் படிக்கும் அறையையும் விழா மண்டபத்தையும் விலைக்கு வாங்கிக்கொள்வார். இல்லாதவருக்குப் பொது இடம் மட்டுமே உண்டு. அதைக் கேட்டுப் பெறுவது அவருடைய உரிமை; அந்த உரிமையைச் சரியான தாளில் சரியான மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் வேலை.