கணினியில் வேலைப் பங்கீடு

பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்திருக்கும் நம் அன்பர் ஒருவர் கணினி வாங்கச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "இதில் எட்டுக் கோர், எட்டு மடங்கு வேகம்" என்கிறார் விற்பவர். காசைக் கொடுக்குமுன் இச்சொல்லை ஆராய்ந்து பார்ப்பது நன்று.

கோர் என்பது கணக்குச் செய்யும் கை. 2001-ல் ஐ.பி.எம். நிறுவனத்தார் ஒரே சில்லில் இரண்டு கோர்களை அமைத்தனர். இன்றோ கைபேசியிலும் எட்டு உண்டு. ஓடும் நிரலைப் 'புராசெஸ்' என்பர். அதனுள் தனித்து ஓடக்கூடிய வேலைத் தொடர் 'இழை' எனப்படும். எந்த இழை, எந்தக் கோரில், எவ்வளவு நேரம் என்று தீர்மானிப்பது இயங்குதளத்தின் பொறுப்பு.

கிள்ளானில் ஓர் உணவுக் கடை. நால்வர் தேநீர் ஆற்றுகின்றனர். ஒவ்வொருவர் முன்பும் ஒரு வரிசை. லினக்ஸ் இயங்குதளமும் இவ்வாறே கோருக்கொரு வரிசை வைக்கிறது. ஒவ்வோர் இழைக்கும் சில மில்லி விநாடிகளே தவணை. பிறகு அடுத்ததற்கு இடம் விட வேண்டும். 2007-ல் இங்கோ மோல்னார் வகுத்த முறைப்படி, இதுவரை குறைந்த நேரம் பெற்ற இழைக்கே அடுத்த வாய்ப்பு. 2023-ல் அதனிடத்தில் வந்த முறை, எது எவ்வளவு விரைவில் முடிய வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்கிறது.

ஒரு வரிசை நீண்டிருக்க, வேறொருவர் கை கட்டி நிற்கலாமா? கூடாது. ஆகவே இயங்குதளம் அவ்வப்போது இழைகளை இடம் மாற்றுகிறது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. பழகிய ஆளிடம் "வழக்கம்போல" என்றால் போதும். புதியவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதுபோலவே, பழைய கோரின் அருகிலுள்ள சிறு நினைவகத்தில் சேர்ந்திருந்த விவரங்களைப் புதிய இடத்தில் மீண்டும் திரட்ட வேண்டும். இவ்விரண்டையும் சீர்தூக்குவது எளிதன்று. இழைகள் காத்துக் கிடக்கையிலேயே சில கோர்கள் சும்மா இருந்த பிழைகளை லினக்ஸில் ஆராய்ச்சியாளர் சிலர் கண்டறிந்து 2016-ல் வெளியிட்டனர்.

இனி விற்பவர் சொல்லுக்கு வருவோம். ஒரே இழையில் ஓடும் நிரலுக்கு ஒரு நேரத்தில் ஒரு கோரே உதவும். மற்ற ஏழும் அதனை விரைவுபடுத்தா. 1967-ல் அம்தால் என்பார் காட்டியபடி, வேலையில் பாதி பிரிக்க முடியாததாயின், எத்தனை கோர் இருப்பினும் வேகம் இருமடங்கைத் தாண்டாது. பல நிரல்களை ஒருங்கே ஓட்டுவோருக்கே கோர்கள் பெருகுவதால் நன்மை அதிகம்.

ஆதலின் அன்பர்களே, "எத்தனை கோர்?" என்பதோடு நில்லாது, "எமது நிரல் எத்தனை கோர்களைப் பயன்படுத்தும்?" என்றும் கேளுங்கள். பணம் மிச்சமாகும்.