டிராக்டர் ஹைட்ராலிக் திடீரென்று நின்றுவிட்டால்: பம்பைப் பிரிக்குமுன் பார்க்க வேண்டியவை

காலையில் ஒழுங்காகக் கலப்பையைத் தூக்கிய டிராக்டர், மதியம் தூக்க மறுப்பதுண்டு. சேற்றுழவு பாதியில் நிற்க, நாற்று பறித்துக் கட்டி வைத்திருக்கும் வேளையில் இது நேர்ந்தால் இழப்பு அதிகம். அவசரத்தில் அழைத்துவரப்படும் மெக்கானிக் பெரும்பாலும் முதலில் சொல்வது, "பம்ப் போய்விட்டது" என்பதே. மாஸி பெர்குசன் 35, 1035 போன்ற பழைய டிராக்டர்களில் பம்ப் வெளியே தெரிவதில்லை. கியர் பெட்டிக்குப் பின்னுள்ள கூட்டுக்குள் எண்ணெயில் மூழ்கியிருக்கிறது. அதை எடுக்க இருக்கையையும் மேல்மூடியையும் கழற்றி, பி.டி.ஓ. தண்டையும் உருவவேண்டும். செலவும் நாளும் பிடிக்கும் இவ்வேலையைத் தொடங்குமுன், குற்றம் உண்மையில் பம்பில்தானா என்று தெரிந்துகொள்ளுதல் நலம். பம்ப் தேய்ந்தால் பெரும்பாலும் படிப்படியாகத்தான் தெரியும். முதலில் தூக்குவது தாமதமாகும். எண்ணெய் சூடேறியபின் சோர்வு கூடும். நேற்றுவரை நன்றாக இருந்து இன்று அடியோடு நின்றால் வேறு காரணங்களையே முதலில் தேடவேண்டும்.

இவ்வகை டிராக்டரில் நான்கு உருளைப் பம்பை பி.டி.ஓ. தண்டுதான் சுழற்றுகிறது. பம்புக்குள் எண்ணெய் புகும் வழியில் கட்டுப்பாட்டு வால்வு ஒன்று இருக்கிறது. நெம்புகோலை உயர்த்தினால் வால்வு திறந்து, பம்ப் எண்ணெயை உறிஞ்சி மேலுள்ள சிலிண்டருக்கு அனுப்பும். அங்குள்ள பிஸ்டன் தள்ள, தூக்கு கைகள் உயரும். ஆகவே கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. பம்ப் சுழல்கிறதா? எண்ணெயை உறிஞ்சுகிறதா? அனுப்பிய எண்ணெய் வழியில் எங்கேனும் ஒழுகிவிடுகிறதா?

பம்ப் சுழல்கிறதா?

பி.டி.ஓ. லீவர் நடுநிலைக்கு நழுவியிருந்தால் பம்ப் சுழலாது. ரொட்டவேட்டரைக் கழற்றிக் கலப்பையை மாட்டும்போது ஓட்டுநர் பி.டி.ஓ.வை விடுவித்துவிட்டு மறந்துவிடுவது சாதாரணம். சில டிராக்டர்களில் இந்த லீவருக்குத் தரைவேக நிலையும் உண்டு. அதில் இருந்தால் வண்டி நகரும்போது மட்டுமே கலப்பை எழும், நின்றால் எழாது. இரட்டைக் கிளட்ச் உள்ள வண்டியில் மிதியை அடிவரை அழுத்தினாலும் பம்ப் நின்றுவிடும். பி.டி.ஓ. கிளட்ச் தேய்ந்திருந்தால், வெறும் கைகள் எழும், சுமையோடு எழா. பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் பி.டி.ஓ. முனை சுற்றுகிறதா என்று தள்ளி நின்று பார்க்கவேண்டும். தளர்ந்த வேட்டி, துண்டோடு அருகில் போகலாகாது.

அடுத்து, இருக்கையின் வலப்புறமுள்ள இரு நெம்புகோல்கள். ஒன்று கருவியின் உயரத்திற்கு, மற்றது இழுவைக்கு. இவற்றில் ஒன்று கீழே கிடந்தால், மற்றதை எவ்வளவு உயர்த்தினாலும் கலப்பை எழாது. புதிதாக வேலைக்கு வந்த ஓட்டுநர்கள் இதில் தடுமாறுகிறார்கள். இரண்டையும் உச்சிக்கு உயர்த்திப் பார்த்தபிறகே மேலே செல்லவும்.

எண்ணெயைப் பாருங்கள்

சமதளத்தில் நிறுத்தி, கருவியைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்துச் சற்றுப் பொறுத்து அளவுக்குச்சியைப் பார்க்கவேண்டும். தூக்கிய நிலையில் பார்த்தால் சிலிண்டரில் உள்ள எண்ணெய் கணக்கில் வராது. டிப்பர் டிரெய்லர் வைத்திருப்போர் இதில் கூடுதல் கவனம் கொள்ளவேண்டும். டிரெய்லரின் ஜாக்கி நிறைய டிராக்டரிலிருந்தே எண்ணெய் போகிறது. குழாயைக் கழற்றும்போது கொஞ்சம் அங்கேயே தங்கிவிடும். ஒரே டிரெய்லரை நான்கு வண்டிகள் மாறிமாறி இழுத்தால், ஒரு வண்டியின் அழுக்கும் தண்ணீரும் மற்ற மூன்றுக்கும் போய்ச்சேரும். எண்ணெய் குறைந்த வண்டி சமதளத்தில் தூக்கும். வரப்பேறிச் சாய்ந்தால் காற்றை உறிஞ்சித் தூக்காது.

நம் நஞ்சை நிலங்களில் பெரிய எதிரி தண்ணீர்தான். கூண்டுச் சக்கரம் மாட்டி ஆழச் சேற்றில் உழும்போது அச்சு சீல், பி.டி.ஓ. சீல் வழியாகத் தண்ணீர் புகுகிறது. ஆற்றிலோ ஏரியிலோ வண்டியை இறக்கிக் கழுவும் வழக்கமும் இதற்குத் துணைபோகிறது. தண்ணீர் கலந்த எண்ணெய் பால் விட்ட தேநீர்போல் இருக்கும். காற்று நுரைத்தாலும் ஏறக்குறைய இதே நிறம்தான். ஆகவே கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் எடுத்து ஒரு மணி நேரம் வைக்கவும். நுரையானால் தெளிந்துவிடும், தண்ணீரானால் கலங்கலாகவே நிற்கும். சூடான இரும்புக் கரண்டியில் ஒரு சொட்டு விட்டால் தண்ணீர் கலந்தது சடசடவென்று வெடிக்கும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளவும்.

இத்தகைய எண்ணெயோடு சில வாரங்கள் சும்மா நின்ற வண்டியில் கட்டுப்பாட்டு வால்வு துருவேறி ஒட்டிக்கொள்ளும். சத்தம் எதுவுமின்றி அடியோடு தூக்காமல் போவதற்கு இது முக்கியக் காரணம். எஞ்சினைப் பாதி வேகத்தில் ஓட்டி, எண்ணெய் சூடேறியபின், நெம்புகோலை மேலும் கீழுமாகப் பத்திருபது முறை இயக்கினால் சிலசமயம் வால்வு விடுபடும். விடுபடாவிட்டால் எண்ணெயைத் தேவையான அளவு வடித்து, வலப்பக்க மூடியைத் திறந்து, எஞ்சினை அணைத்த நிலையில் மெக்கானிக்கைக் கொண்டு வால்வை அசைத்துப் பார்க்கச் செய்யவும். அது விடுபட்டுத் தூக்கத் தொடங்கியதும் பழைய எண்ணெயிலேயே வயலுக்கு ஓட்டிச் செல்வது வீண்வேலை. ஒரு மழைக்காலம் தாங்காது. இரவு முழுவதும் நிறுத்தி, காலையில் வடிமூடியைத் தளர்த்தினால் அடியில் தங்கிய தண்ணீர் முதலில் வரும். முழுவதும் வடித்து, கைப்புத்தகத்தில் குறித்த தரமுள்ள எண்ணெயை ஊற்றவும். பழைய எஞ்சின் எண்ணெயை ஊற்றவே கூடாது. வடித்ததில் உலோகத்துகள் மின்னினால் வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் பட்டறைக்குக் கொண்டுசெல்லவும்.

சத்தம் சொல்லும் செய்தி

நெம்புகோலை உயர்த்தியதும் எஞ்சின் திணறி, கீச்சென்ற ஒலி வந்தும் கலப்பை எழாவிட்டால், பம்ப் நன்றாகவே அழுத்துகிறது. சுமை மிகுதியா, தூக்கு கைகள் எங்கேனும் சிக்கியுள்ளனவா என்று பார்க்கவும். கருவி உயர்ந்து நின்று, சில நொடிகளுக்கு ஒருமுறை சற்றுத் தணிந்து மீண்டும் உயர்ந்தால், எங்கோ எண்ணெய் கசிய, பம்ப் அதை ஈடுகட்டுகிறது என்று பொருள். எஞ்சினை அணைத்ததும் விறுவிறுவென்று இறங்கினாலும் இதே குற்றம்தான்: பிஸ்டன் வளையமோ குழாய் இணைப்பின் ரப்பர் வளையமோ வால்வோ. ரப்பர் வளையம் அறுந்தால் ஒரே நொடியில் தூக்கும் ஆற்றல் போய்விடும். பம்ப் வாங்கப் புறப்பட்டவருக்கு அந்தச் சிறு வளையமே போதுமானதாக இருக்கலாம்.

உட்சிலிண்டருக்குப் போகும் வழியை அடைக்கும் வால்வு உங்கள் வண்டியில் இருந்தால், அதை அடைத்து, காலி டிப்பர் டிரெய்லரை இணைத்துத் தூக்கிப் பார்க்கலாம். டிரெய்லர் எழுந்தால் பம்ப் நன்றாக உள்ளது, குற்றம் மேற்புறத்தில். எழாவிட்டால் பம்ப் அல்லது வால்வு. அந்த அடைப்பு வால்வு இல்லாத வண்டியில் இச்சோதனை செல்லாது. அங்கே மெக்கானிக் அழுத்தமானி பொருத்திப் பார்க்கவேண்டும்.

சோதனை நடக்கும்போது எவரும் தூக்கிய கலப்பைக்கடியில் தலையையோ காலையோ நீட்டக்கூடாது. பழுதான ஹைட்ராலிக் எந்த நொடியும் விழும். கட்டாயம் அடியில் வேலை செய்யவேண்டியிருந்தால் உறுதியான மரக்கட்டைகளின் மேல் கருவியை இறக்கி வைக்கவும். இங்குள்ள அழுத்தம் சதுர செ.மீ.க்கு 140 கிலோவுக்கும் மேல் செல்லக்கூடியது. குழாயின் ஊசித்துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும்; காயம் சிறு புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் விரலையே இழக்க நேரிடலாம். கசிவை அட்டைத் துண்டால் தேடவும், கையால் தடவவேண்டாம். அப்படிக் குத்திவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் சென்று, எண்ணெய் உள்ளே புகுந்ததென்று மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

மெக்கானிக்கை அழைக்கும்போது நான்கு விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அவர் வேலை பாதியாகக் குறையும்: கடைசியாக எப்போது தூக்கியது, எண்ணெயின் அளவும் நிறமும், நெம்புகோலை உயர்த்தும்போது வரும் ஒலி, எஞ்சினை அணைத்தபின் கருவி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது.