எட்டும் தூரம்

தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரங்கள் இருந்தன. தோ பாயோவில் உள்ள மூவறை வீடு ஒன்றில், மேல் அலமாரியில் இருந்த முறுக்கு உரலை எடுப்பதற்காகப் பாட்டி நாற்காலியின்மேல் ஏறினார். தடுமாறிக் கீழே விழுந்தார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. முழங்கையில் சிராய்ப்பு மட்டுமே ஏற்பட்டது.

அன்று மாலை அப்பா, “அம்மா, இனிமேல் நீங்கள் சமைக்க வேண்டாம். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்,” என்றார். பாட்டி மறுத்துப் பேசவில்லை. காயத்தைவிட அந்தச் சொற்களே அவருக்கு அதிகமாக வலித்தன. 74 வயதிலும் தம் கையால் சமைத்து எல்லாருக்கும் பரிமாறுவதே அவருடைய மகிழ்ச்சி.

உயர்நிலை இரண்டில் பயிலும் பேத்தி இதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். “அப்பா, தவறு பாட்டியுடையதா, அலமாரியுடையதா?” என்று கேட்டாள். அப்பாவிடம் உடனே பதில் இல்லை.

ஒரு பொருளை மாற்றியமைக்கும் முன்பு, அதைப் பயன்படுத்துபவரைக் கவனிக்க வேண்டும் என்று அவள் பள்ளியில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் கற்றிருந்தாள். அந்தப் பாடத்தில் ஆசிரியர் ஓர் எடுத்துக்காட்டையும் கூறியிருந்தார். 1926ஆம் ஆண்டில், மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர், ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் கட்டப்பட்ட வீடுகளுக்காகச் சிறிய சமையலறை ஒன்றை வடிவமைத்தார். சமைப்பவர் வீணாக நடக்கும் தூரத்தைக் குறைப்பதே அவருடைய நோக்கம். அரிசி, சர்க்கரை போன்றவற்றைக் கொட்டி வைக்கப் பெயர் பொறித்த சிறிய அலுமினிய இழுப்பறைகள் அதில் இருந்தன. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அந்தச் சமையலறை அமைக்கப்பட்டது. இடம் குறைவாக இருந்தாலும் திட்டமிட்டால் வேலை எளிதாகும் என்பதை அது காட்டியது.

மறுநாள் பேத்தி அளவுநாடாவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தாள். தோள்வலி உள்ள பாட்டியால் சிரமமின்றி 165 சென்டிமீட்டர் உயரம்வரைதான் எட்ட முடிந்தது. மேல் அலமாரியின் முதல் தட்டைத் தவிர மற்றவை எல்லாம் அதற்கு மேலே இருந்தன. கீழ் அலமாரியிலோ வேறொரு சிக்கல். அதன் ஆழம் 60 சென்டிமீட்டர். முன்வரிசைப் பாத்திரங்களை வெளியே எடுத்து வைத்தால்தான் பின்வரிசையில் இருப்பது கண்ணில் படும். இரு தட்டுகளுக்கு இடையே இருந்த உயரத்தில் பாதி வெறுமையாகக் கிடந்தது.

“பாட்டி, உங்களுக்கு எப்படிப்பட்ட அலமாரி வேண்டும்?” என்று அவள் கேட்டாள்.

பாட்டி அஞ்சறைப்பெட்டியைத் திறந்து காட்டினார். “கடுகு எங்கே, சீரகம் எங்கே என்று நான் என்றைக்காவது தேடியிருக்கிறேனா கண்ணு? கை தானாகப் போகும். அலமாரியும் இப்படி இருந்தால் போதும்.”

எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதிய அலமாரிகளைப் பொருத்தலாம் என்பது அப்பாவின் எண்ணம். அதற்கு ஆகும் செலவைக் கேட்டதும் அம்மா தயங்கினார். பார்வையிட வந்த தச்சர் பலகைகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பெரும்பாலானவை உறுதியாகவே இருந்தன. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த பலகை மட்டும் நீர்க்கசிவால் ஊதிப்போயிருந்தது. “முதலில் குழாய்க் கசிவைச் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் புதுப் பலகையும் ஊதிவிடும். மற்றபடி உட்புறம் நன்றாகத்தான் இருக்கிறது. கதவு, கீல், தட்டு இவற்றை மட்டும் மாற்றினால் போதும்,” என்றார் அவர்.

வேலை தொடங்குவதற்கு முன்பு குடும்பத்தினர் எல்லாப் பொருள்களையும் வெளியே எடுத்து வைத்தனர். காலாவதியான மசாலாப் பொட்டலங்கள், பாத்திரம் இல்லாத மூடிகள், பழுதான இரண்டு அரைப்பான்கள் என வேண்டாதவை குவிந்தன. பழைய பாத்திரங்களும் அரைப்பான்களும் காராங்கூனிக்காரரிடம் சென்றன. புதிய தட்டு ஒன்றுகூடப் பொருத்தப்படாத நிலையிலேயே இரண்டு தட்டுகள் காலியாகிவிட்டன.

எஞ்சிய பொருள்களை எங்கே வைப்பது? எப்போதாவது பயன்படுபவற்றை மேலே வைப்பதுதான் அம்மாவின் வழக்கம். அதனால்தான் கனமான முறுக்கு உரல் உச்சித் தட்டிற்குப் போயிருந்தது. பேத்தி ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு கேள்விகளைக் கேட்டாள்: எவ்வளவு அடிக்கடி தேவைப்படும்? எவ்வளவு கனமாக இருக்கும்? கனமானவை எப்போதாவது தேவைப்பட்டாலும் தோளுக்கு மேலே போகக்கூடாது என்று முடிவானது. காகிதத் தட்டுகள், பிளாஸ்டிக் டப்பாக்கள் முதலிய இலேசான பொருள்கள் மட்டும் மேலே சென்றன. அவற்றை எடுத்துத் தருவது இனி அப்பாவின் பொறுப்பு.

தச்சரின் வேலை இரண்டே நாளில் முடிந்தது. கீழ் அலமாரியின் தட்டுகளுக்குப் பதிலாக, முழுவதும் வெளியே இழுக்கக்கூடிய இழுப்பறைகள் வந்தன. மேல் அலமாரியின் தட்டுகளுக்கு இடையே அரைத் தட்டுகள் பொருத்தப்பட்டதால் கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தேவையில்லை. கதவுகளின் உட்புறம் மூடிகளையும் கரண்டிகளையும் மாட்டக் கொக்கிகள் அமைந்தன. அங்கே கனமானவற்றை மாட்டினால் கீல் தளர்ந்துவிடும் என்று தச்சர் எச்சரித்தார். தொட்டியின் கீழே துப்புரவுப் பொருள்கள் மட்டுமே இருந்தன; உணவுப்பொருள் எதுவும் அங்கு வைக்கப்படவில்லை. சமையலறை ஓர் அங்குலம்கூடப் பெரிதாகவில்லை. ஆனாலும், இருந்த இடம் முழுவதும் பயன்பாட்டிற்கு வந்தது. ‘சிறுகக் கட்டிப் பெருக வாழ்’ என்று முன்னோர் சொன்னதன் பொருள் அவர்களுக்கு விளங்கியது.

தீபாவளிக்கு முந்திய வாரம், பாட்டி தரையில் நின்றபடியே இடுப்பளவில் இருந்த இழுப்பறையை இழுத்தார். முறுக்கு உரல் முன்னால் வந்து நின்றது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா சற்றுத் தயங்கி, “அம்மா, எனக்கு ஏதாவது வேலை இருக்கிறதா?” என்று கேட்டார்.

“கையைக் கழுவிக்கொண்டு வா. மாவைப் பிசைய வேண்டும்,” என்றார் பாட்டி.