சைக்கிளுக்கும் அளவெடுங்கள்!

சட்டை தைக்கக் கொடுத்தால் அளவு கொடுக்கிறோம். செருப்புக் கடையில் நாலு ஜோடியைப் போட்டு நடந்து பார்த்த பிறகுதான் பர்ஸைத் திறக்கிறோம். மூக்குக் கண்ணாடிகூட ஆளுக்கொரு பவர். சைக்கிளை மட்டும் கலரைப் பார்த்து வாங்குகிறோம்! கடைக்காரப் பையன் வைத்துக் கொடுத்த சீட் உயரத்திலேயே வீடு வரை ஓட்டி வந்து, அதே உயரத்தில் தினமும் மிதிக்கிறோம். பத்தாம் நாள் முட்டி வலி. 'இந்த வயசுல இதெல்லாம் ஒத்து வராது' என்று வீட்டில் ஒரு தீர்ப்பு. அப்புறம் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போய்விடும். அதன்மேல் பழைய பாய், கிழிந்த குடை...

மூட்டு வலி என்று என்னிடம் வருகிறவர்களில் இப்படிச் சைக்கிளைக் கைவிட்டவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலருக்கு வலி வந்தது வயதால் என்பதைவிட, அளவு தப்பியதால்தான்.

எங்கள் சித்த மருத்துவத்தில் 'விரற்கடை' என்று ஓர் அளவு உண்டு. ஒரு வர்ம இடத்தைச் சொல்லும்போது, முட்டிக்கு மேலே இத்தனை விரற்கடை, தொப்புளுக்குக் கீழே இத்தனை விரற்கடை என்றுதான் சொல்வோம். யாருடைய விரல்? வைத்தியரின் விரல் இல்லை, நோயாளியின் விரல்! ஆறடி ஆளுக்கும் நாலரை அடிப் பாட்டிக்கும் அவரவர் விரல்தான் ஸ்கேல். எண்சாண் உடம்பு என்கிறோமே, அதுவும் அவரவர் கைச்சாண்தான். இந்தப் பாடத்தை அப்படியே சைக்கிளுக்குக் கொண்டு போகலாம்.

மகன் விட்டுப்போன சைக்கிள்

ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருப்பவர். வயது 56. ஏழு வருஷமாகச் சர்க்கரை. மாடி ஏறினால் முட்டிக்குள் ஊசி குத்துகிற மாதிரி வலி. நாங்கள் 'அழல் கீல் வாயு' என்று சொல்கிற மூட்டுத் தேய்மானம், ஆரம்ப நிலை. நடக்கச் சொன்னால் வலிக்கிறது. நடக்காவிட்டால் சர்க்கரை ஏறுகிறது. பாதிக் குடும்பங்களில் இருக்கிற சிக்கல்தானே இது!

"சைக்கிள் ஓட்டிப் பாருங்களேன் அண்ணாச்சி" என்றேன். "அதையும் பாத்தாச்சு டாக்டரய்யா. மவன் பெங்களூருக்கு வேலைக்குப் போனதும் அவன் வண்டிய எடுத்து ஓட்டினேன். பதினோரு நாள்தான். முன்னைக்கு இப்ப ரெண்டு மடங்கு வலி" என்றார்.

வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். மகன் பத்தாம் வகுப்பில் அடம்பிடித்து வாங்கிய மவுன்டன் பைக். சீட் அடிமட்டத்தில் இருந்தது. கியர் ஒரே இடத்தில் சிக்கி நின்றது, அதுவும் கனமான கியரில். டயரில் பாதிக் காற்று. ஏறி உட்கார்ந்து மிதித்துக் காட்டச் சொன்னேன். முழங்கால் ஏறக்குறைய நெஞ்சு வரை வருகிறது! இப்படி மடங்கிய காலால் பலமாக மிதிக்கும்போது முட்டிச்சில்லு அடியிலிருக்கிற எலும்பின்மேல் அழுந்தும். ஒரு மணி நேரத்தில் சில ஆயிரம் தடவை. வலிக்காமல் என்ன செய்யும்?

இத்தனைக்கும் சைக்கிள் முட்டிக்கு நல்லது. நடக்கும்போது முழங்கால் மூட்டில் விழும் பாரம் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நிதானமாகச் சைக்கிள் மிதிக்கும்போது ஏறத்தாழ ஒரு மடங்குதான். உடம்பைச் சீட் தாங்கிக்கொள்கிறது. ஆனால் இந்த நன்மையெல்லாம் அளவு சரியாக இருந்தால்தான்.

"புதுசு ஒண்ணு வாங்கிரட்டுமா?" என்றார். வேண்டாம், இதையே உங்களுக்காகப் பிரித்துச் சேர்ப்போம் என்றேன்.

பழைய இரும்பில் பிறந்த வண்டி

மவுன்டன் பைக் என்றால் ஏதோ வெளிநாட்டு ஆடம்பரம் என்று நினைக்கிறோம். அது பிறந்ததே பழைய சாமான்களிலிருந்துதான். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மரின் கவுன்டியில், 1970-களில் சில இளைஞர்கள் 1930, 40-களில் வந்த பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலைப்பாதையில் இறக்கி விளையாடினார்கள். குண்டு டயர், கனமான இரும்பு, பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். 1976-ல் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே ஒரு மண் சரிவில் பந்தயம் தொடங்கினார்கள். இறங்கி முடிப்பதற்குள் பிரேக் சூடேறி அதிலிருக்கிற கிரீஸ் புகைந்துபோகும். ஒவ்வொரு தடவையும் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர்!

இறங்குவது சரி, ஏற வேண்டாமா? கேரி ஃபிஷர் தன் வண்டியில் கியர் பூட்டினார். 1977-ல் ஜோ பிரீஸ் மலைக்கென்றே தனி ஃபிரேம் செய்தார். அந்த முதல் வண்டி இன்று அமெரிக்காவின் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1979-ல் ஃபிஷரும் சார்லி கெல்லியும், டாம் ரிச்சி செய்த ஃபிரேம்களை வைத்து வண்டி சேர்த்து விற்கத் தொடங்கினார்கள். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸிலேயே இது ஒரு பந்தயமாகிவிட்டது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மலையேற அவர்கள் பூட்டியதெல்லாம் ஐம்பது வயது முழங்காலுக்கும் தேவையானவை. லேசான கியர், அதிர்வை வாங்கிக்கொள்ளும் அகல டயர், முதுகை வில்லாக வளைக்காத நேர் ஹேண்டில் பார். நமக்கு மலை வேண்டாம், ஒரு மேம்பாலம் போதாதா!

பிரித்துச் சேர்த்த கதை

தெரு முனை சைக்கிள் கடை மெக்கானிக்கிடம்தான் கொடுத்தோம். நாற்பது வருஷமாகக் கோட்டம் எடுத்த கை. ஃபிரேமைத் தவிர எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். ஃபிரேம் எப்படி இருக்க வேண்டும்? வண்டியின் பாருக்கு மேலே இரண்டு காலையும் ஊன்றி நின்றால், பாருக்கும் கவட்டுக்கும் நடுவே நாலைந்து விரற்கடை இடைவெளி வேண்டும் (உங்கள் விரல்தான்!). இவருக்கு அது சரியாக இருந்தது. இல்லையென்றால் அந்த ஃபிரேமை மறந்துவிட வேண்டியதுதான். மற்ற எதையும் மாற்றலாம், ஃபிரேம் அளவை மாற்ற முடியாது.

முன்பக்க ஷாக் துருவேறி ஆடாமல் நின்றுபோயிருந்தது. அதே நீளத்தில் சாதா ஃபோர்க் போட்டோம். மலிவான ஷாக் வெறும் பாரம் என்பது என் அபிப்பிராயம். பின்னாலும் ஸ்பிரிங் வைத்த மலிவு வண்டி இன்னும் மோசம். மிதிக்கிற சக்தியில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங்கே தின்றுவிடும். பிள்ளைகளுக்குப் பார்க்க ஜோர், அவ்வளவுதான். கொட்டை கொட்டையாக இருந்த டயருக்குப் பதில், அதே அகலத்தில் வழுவழுப்பான டயர். காற்று எவ்வளவு என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். அந்த எல்லைக்குள் கொஞ்சம் மெத்தென்று வைத்தால் கைக்கும் முதுகுக்கும் நல்லது.

அடுத்தது கியர். இதுதான் உயிர். சாதாரண சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் போகும். மேட்டில் அத்தனை பாரத்தையும் முட்டிதான் இழுக்க வேண்டும். இவர் வண்டியில் முன்னால் சின்ன சக்கரம் 24 பல், பின்னால் பெரியது 34 பல் வருகிற மாதிரி மாற்றினோம். இப்போது ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர்தான். மெதுவாகப் போகும். ஆனால் பாரமே தெரியாது! பெடல் கட்டையின் நீளத்தையும் 175 மில்லிமீட்டரிலிருந்து 165 ஆக்கினோம். ஒரு சென்டிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று மெக்கானிக்கே சிரித்தார். வலிக்கிற முட்டிக்கு ஒவ்வொரு சுற்றிலும் அத்தனை மடக்கம் மிச்சம்.

பிரேக் கட்டை, வயர், செயின் எல்லாம் புதுசு. இவற்றில் கஞ்சத்தனம் கூடாது. எல்லாம் சேர்த்தும் புது சைக்கிள் விலையில் பாதி ஆகவில்லை.

சீட் உயரம்: பொறுமையாகப் படியுங்கள்

செருப்பில்லாமல் சுவரோடு முதுகை ஒட்டி நில்லுங்கள். ஒரு கனமான புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே, சீட்டில் உட்கார்வது போல அழுத்தி மேலே ஏற்றுங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரை வரை எவ்வளவு? இவருக்கு 78 சென்டிமீட்டர். அதை 0.883-ஆல் பெருக்கினால் சுமார் 69. பெடல் கட்டைகள் இரண்டும் சுழலுகிற நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை அந்த 69 இருக்க வேண்டும்.

கணக்கு வேண்டாம் என்பவர்களுக்குச் சுலப வழி: சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் அப்போதுதான் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கி நிற்கும். அதுதான் உயரம். பின்னாலிருந்து ஒருவர் பார்க்கட்டும். இடுப்பு இடமும் வலமும் ஆடினால் சீட் கூடிப்போச்சு என்று அர்த்தம். சீட் தாழ்ந்திருந்தால் முட்டிக்கு முன்னால் வலிக்கும். அதிகம் உயர்ந்திருந்தால் முட்டிக்குப் பின்னால். வலி எங்கே என்று கேட்டாலே சீட் எப்படி என்று ஓரளவு சொல்லிவிடலாம்!

சீட் கம்பியில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு வெளியே தெரிகிற அளவுக்கு உயர்த்தக் கூடாது. தேவைப்பட்டால் நீளமான கம்பி வாங்குங்கள்.

பெடல் இரண்டையும் படுக்கை வாட்டில் நிறுத்தி, முன்கால் முட்டிச்சில்லுக்குச் சற்றுக் கீழிருந்து கொத்தனார் போலத் தூக்குக்குண்டு விடுங்கள். நூல் பெடலின் அச்சு வழியே போக வேண்டும். இல்லையென்றால் சீட்டை முன்னே பின்னே தள்ளிச் சரி செய்யலாம்.

"இம்புட்டு உசரத்துல இருந்தா ரெண்டு காலும் தரையில எட்டாதே!" என்று அண்ணாச்சி பயந்தார். எல்லோருக்கும் வருகிற பயம்தான். இந்தப் பயத்தால்தான் நம் ஊரில் சீட்டெல்லாம் தாழ்ந்து கிடக்கிறது. நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கிக் காலூன்றப் பழக வேண்டும். ஒரே நாளில் ஏற்றாமல், வாரத்துக்கு ஒரு விரற்கடையாக ஏற்றினோம். மூன்று வாரத்தில் பயம் போய்விட்டது.

ஆரம்பிக்கும் முன்

நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், மூச்சு வாங்கல் உள்ளவர்கள் முதலில் இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சித்த மருத்துவர் சொல்கிறாரே என்று பார்க்க வேண்டாம், ஈ.சி.ஜி. எடுங்கள். முட்டி வீங்கிச் சூடாக இருந்தாலோ, மடக்கிய கால் பூட்டிக்கொண்டாலோ அது அடங்கும்வரை சைக்கிள் கூடாது. மூலத்தில் ரத்தம் போகிற சமயத்திலும் அப்படியே. குடலிறக்கம் உள்ளவர்கள் அறுவை மருத்துவரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப் பையில் குளுக்கோஸ் இல்லாமல் கிளம்பவே கூடாது. திரும்பி வந்ததும் பாதத்தைப் பாருங்கள். கால் மரத்தவர்களுக்குச் செருப்பு கடித்தது தெரியாது.

முதல் வாரம் பத்து நிமிஷம், சமதரையில். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வாரத்துக்கு 150 நிமிஷம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. கனமான கியரில் மெதுவாக மிதிப்பதைவிட, லேசான கியரில் நிமிஷத்துக்கு அறுபது எழுபது சுற்று. பேசிக்கொண்டே ஓட்ட முடிய வேண்டும். தொடை இடுக்கு மரத்துப்போனால் சீட் மூக்கைப் பாருங்கள், அது மட்டமாக இருக்க வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை சீட்டிலிருந்து சற்று எழும்பிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து வியர்வை அடங்கியதும் முழங்காலைச் சுற்றி இளஞ்சூட்டில் நல்லெண்ணெயோ உளுந்துத் தைலமோ தடவி மெதுவாகத் தொக்கணம் செய்யலாம். தேய்ந்த மூட்டைத் தைலம் வளர்த்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பிடிப்பு விடும், தூக்கம் வரும்.

ஐந்து மாதம் ஆயிற்று. சர்க்கரை மாத்திரை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அலுவலக மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறுகிறார். அதைவிட அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்குப் பிடித்தது. "டாக்டரய்யா, ஜங்ஷன் ஈரடுக்குப் பாலம் இருக்குல்லா, சின்ன கியர்ல அதுல ஏறிட்டேன். எறங்கும்போது காத்து மூஞ்சியில அடிச்சுது பாருங்க... குரங்குப் பெடல் போட்டு வாய்க்கால் கரையில போன ஞாபகம் வந்துட்டு. ஒரு செகண்டு ரெண்டு கையையும் விட்டுட்டேன்!"

பக்கத்தில் இருந்த மனைவிக்கு இது புதுச் செய்தி. "கைய விட்டியளா? இந்த வயசுலயா?" என்று ஒரு முறை முறைத்தார். இரண்டு நிமிஷம் கழித்து, "எனக்கும் ஒண்ணு சேத்துத் தர முடியுமா டாக்டர்?" என்றார்.

அவருக்கு 51 வயது, மாதவிடாய் நின்று மூன்று வருஷம். ஒன்றைச் சொல்லிவிட்டேன்: சைக்கிளில் எடையைச் சீட் தாங்குவதால் எலும்புக்கு வலு சேராது. எலும்பு கேட்பது நடை, மாடிப்படி, கேழ்வரகு, எள், முருங்கைக் கீரை. சைக்கிள் தசைக்கும் இதயத்துக்கும். அதனால் அரை மணி ஓட்டினால் அரை மணி நடக்கவும் வேண்டும்.

சேலையா சுடிதாரா என்று கேட்டேன். இரண்டும்தான் என்றார். அப்படியானால் பார் தாழ்ந்த ஃபிரேம், செயினுக்கு முழு மூடி, பின் சக்கரத்துக்குச் சேலை வலை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தபோது, லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பெண்கள் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறிவிட்டார்கள். பார் மேல் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. இவருக்குக் குழந்தையை ஏற்றுகிற வேலை இல்லை. முன்னால் காய்கறிக் கூடை ஒன்று மட்டும் போதுமாம். புத்தகத்தை வைத்து அளந்து பார்த்தோம். 71 சென்டிமீட்டர். அடுத்த வாரம் மெக்கானிக் ஃபிரேம் பார்த்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.